பிறக்கும் முன்பே வாங்கும் சட்டை

1927 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு இளவரசி ஆஸ்ட்ரிடுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண் வாரிசு வரும் என்ற நம்பிக்கையில் தொட்டிலை முன்கூட்டியே அலங்கரித்து வைத்திருந்தார்கள், இளஞ்சிவப்பில். பிறந்ததோ பெண்: ஜோசஃபின் ஷார்லட். அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் இந்தச் செய்தியை வெளியிட்டபோது, பெல்ஜியத்தில் ஆணுக்கு இளஞ்சிவப்பும் பெண்ணுக்கு நீலமும்தான் வழக்கம் என்று வாசகர்களுக்கு விளக்கியது. கூடவே, தன் நாட்டுப் பெருநகரக் கடைகளில் என்ன வழக்கம் என்று விசாரித்து ஒரு பட்டியலும் போட்டது. பாஸ்டனின் ஃபைலீன்ஸ், சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு ஆகிய கடைகள் ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பைச் சொல்லின. வேறு சில கடைகள் நேர்மாறாகச் சொல்லின. ஒரே நாடு, ஒரே ஆண்டு, கடைக்குக் கடை வேறு பதில்.

இன்று பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆண், பெண் அடையாளம் இல்லாத துணியாக வாங்க விரும்பும் தம்பதியைச் சுற்றத்தார் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்க்கிறார்கள். ஏதோ கொள்கைப் பிடிவாதம், மேல்நாட்டுப் பழக்கம், குழந்தையை வைத்துச் சோதனை என்றெல்லாம் பேச்சு வருகிறது. குழந்தை உடையின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. பொதுவான உடைதான் பழையது. கருவில் இருக்கும்போதே நிறம் பிரித்து வாங்குவது, பரவலான வழக்கமாக, நாற்பது ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுள்ளது. அது எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், வாங்கும்போது மனம் தெளிவாக இருக்கும்.

பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டின் படம் ஒன்று 1884இல் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு இரண்டரை வயது இருக்கும். வெட்டாத நீண்ட முடி, வெள்ளைக் கவுன், கையில் இறகு செருகிய தொப்பி. இன்றைய கண்ணுக்குப் பெண் குழந்தை. அன்றைய அமெரிக்காவில் வசதியான வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். ஆறு, ஏழு வயதை நெருங்கும்போதுதான் பையனுக்கு முடி வெட்டி, கால்சட்டை போடுவார்கள். குடும்பத்தில் அது ஒரு சடங்கு போல நடக்கும். கவுனுக்குக் காரணம் எளிது. நாளைக்குப் பலமுறை ஈரத் துணியை மாற்ற வேண்டிய குழந்தைக்குக் கால்சட்டை போட்டு யார் அவிழ்த்துக்கொண்டிருப்பது? வெள்ளைக்கும் காரணம் எளிது. வெள்ளைப் பருத்தியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டு அலசலாம், சாயம் போகும் பயமில்லை. அக்காள் போட்ட கவுனைத் தம்பி போடுவான், அவனுக்குப் பின் பிறக்கும் தங்கை போடுவாள்.

நம்மவர்களுக்கு இந்தப் படம் அதிர்ச்சி தர வேண்டியதில்லை. முடியிறக்கக் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்படும் முன், வளர்ந்த முடியைச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை உடுத்தி, ஆண் குழந்தையை ஸ்டுடியோவுக்குத் தூக்கிச் சென்று படம் எடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் படம் கூடத்துச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் அந்தப் பையனின் ஆண்மை பற்றிய கவலை வந்ததில்லை.

அமெரிக்கக் குழந்தை உடைகளை முப்பது ஆண்டுக்கு மேல் ஆராய்ந்தவர் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜோ பாவோலெட்டி. அவருடைய நூல் 2012இல் வெளிவந்தது. கடைப் பட்டியல்கள், காகிதப் பொம்மைகள், குழந்தை பிறந்ததும் தகவல் குறிக்கும் ஏடுகள் என்று அவர் பார்த்த சான்றுகள் வழக்கமான வரலாற்றாசிரியர்கள் தொடாதவை. நிறம் முதலில் தளிர்வயதின் அடையாளமாகத்தான் வந்தது என்பது அவர் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மென்னிறங்கள் குழந்தைக்கென்று வந்தன. அவற்றில் நீலமும் இளஞ்சிவப்பும் உண்டு. ஆனால் இது இவருக்கு என்ற கட்டாயம் இல்லை. 1918இல் ஒரு துணி வணிக இதழ் இளஞ்சிவப்பு வலுவான நிறம், ஆகவே ஆண்களுக்கு ஏற்றது என்று எழுதியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ நாவலில், இரட்டைக் குழந்தைகளில் பையனுக்கு நீல நாடாவும் பெண்ணுக்கு இளஞ்சிவப்பு நாடாவும் கட்டப்படுகின்றன. அது பிரெஞ்சு நாகரிகம் என்று நாவலே சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு காலத்தில் இளஞ்சிவப்பு ஆணுக்கு, நீலம் பெண்ணுக்கு என்றிருந்து பிறகு அப்படியே புரண்டுவிட்டது என்று பலர் சுருக்கமாகச் சொல்கிறார்கள். மார்கோ டெல் ஜுடிசே என்ற உளவியலாளர் 2012இல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். 1880 முதல் 1980 வரை அச்சான ஆங்கில நூல்களைக் கணினியில் தேடியபோது, நீலத்தை ஆணோடும் இளஞ்சிவப்பைப் பெண்ணோடும் இணைக்கும் தொடர்களே அவருக்குக் கிடைத்தன. முழுப் புரட்டல் நடந்ததற்கான சான்று இல்லை என்றார். நான் இந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். பாவோலெட்டியும் ஒரே நாளில் நடந்த இடமாற்றம் என்று வாதிட்டவர் அல்லர். நீண்ட காலம் கலங்கலாக இருந்த ஒரு வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பக்கமாகப் படிந்தது என்பதே இரு தரப்பு ஆதாரங்களுக்கும் பொருந்தும் முடிவு. நிறப் பிரிவினை இயற்கையின் கட்டளை என்ற வாதம் விழுவதற்கு அந்தக் கலங்கலே போதும்.

படிந்த பிறகும் அது நிலைத்து நிற்கவில்லை. 1970களில் பெண் விடுதலை இயக்கம் வலுப்பெற்றபோது, சிறுமிகளை மென்மையானவர்களாக வளர்ப்பதில் உடைக்குப் பங்குண்டு என்று பல தாய்மார்கள் நினைத்தார்கள். சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் அன்று அமெரிக்க நடுத்தர வீடுகளின் துணிக்கடை. அந்தப் பத்தாண்டில் இரண்டு ஆண்டுகள் அதில் நடைபழகும் குழந்தைகளுக்கான இளஞ்சிவப்பு உடை ஒன்றுகூட இல்லை என்று பாவோலெட்டி பதிவு செய்கிறார். 1976இல் ஸ்வீடனில், 1909 முதல் இயங்கிவரும் போலார்ன் ஓ பிரெட் நிறுவனத்துக்காகக் குனிலா ஆக்ஸேன் என்ற வடிவமைப்பாளர் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான கோடு போட்ட பருத்தி உடைகளை வடிவமைத்தார். அந்தக் கோடு இன்றும் அந்நிறுவனத்தின் முத்திரை. தாய் அணிந்த சட்டையை மகன் அணியும் குடும்பங்கள் அங்கே உண்டு.

பாவோலெட்டிக்கு 1982இல் மகளும் 1986இல் மகனும் பிறந்தார்கள். இந்த இடைவெளியில் கடைகள் மாறிவிட்டதைத் தாயாகவே கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். மகன் பிறந்தபோது நீல உடுப்பு வெறும் நீலமாகக் கிடைக்கவில்லை. அதில் இருந்த கரடிக்குட்டிகூடக் காலத்துக்கேற்பக் கால்பந்து பிடித்திருந்தது. மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், அவர் அழுத்திச் சொல்வது ஸ்கேனை. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடைய குழுவும் வயிற்றுக்குள் இருக்கும் கருவை ஒலியலைகளால் பார்க்கும் முறையை 1958இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 1980களில் அது மேல்நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமான பரிசோதனையானது. பதினெட்டு, இருபதாவது வாரத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் பெற்றோர் என்ன செய்வார்கள்? கடைக்குப் போவார்கள்.

இதன் வணிகக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகே பாலினம் தெரியும் காலத்தில், பேறுகாலத்துக்கு முன் வாங்கும் துணி, தொட்டில், விரிப்பு எல்லாம் பொதுவாகத்தான் இருக்க முடியும். முதல் குழந்தைக்கு வாங்கியது அடுத்ததற்கும் ஆகும். நான்கைந்து மாதம் முன்பே தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறம் பிரித்து வாங்கலாம். அடுத்தது வேறு பாலினம் என்றால் எல்லாவற்றையும் மறுபடி வாங்கலாம். குழந்தை வளரும் வேகத்தைப் பாருங்கள். மூன்று கிலோ எடையில் பிறக்கும் குழந்தை சுமார் ஐந்து மாதத்தில் இரட்டிப்பாகிறது. பிறப்புக்கு முன் வாங்கும் மிகச் சிறிய சட்டை சில வாரங்களுக்கே ஆகும். தேய்வதற்கு முன்பே சிறிதாகிவிடும் அந்த உடை அடுத்த குழந்தைக்குப் போவதே நியாயம். நிறம் அந்த வழியை அடைக்கிறது.

இதில் நமக்கு நேரடியான பங்கு உண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்கும் பின்னல் பருத்திக் குழந்தை உடைகளில் பல திருப்பூர், அவிநாசி வட்டாரத்தில் தைத்தவை. அந்த மென்னிறங்கள் அங்கே சாயமேற்றப்பட்டவை. அந்தச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பது கொங்கு மண்ணின் விவசாயிகளுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. குழந்தை உடையின் நிறம் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் நல்ல நிலையில் ஒரு பெட்டி துணி இருக்கும்போது, நிறம் சரியில்லை என்பதற்காக இன்னொரு பெட்டி வாங்கினால், அதற்கான பஞ்சும் நீரும் சாயமும் ஏதோ ஓர் ஊரிலிருந்துதான் வர வேண்டும். பல வேளை அது நம் ஊர்.

சரி, அந்த நிறம் குழந்தைக்கு என்ன செய்கிறது? நேரடியாக ஒன்றுமில்லை. பிறந்த குழந்தைக்கு முகத்துக்கு ஓரடி தள்ளியிருப்பதே மங்கலாகத் தெரியும். நிறங்களைப் பிரித்தறியும் திறன் இரண்டு, மூன்று மாதத்தில்தான் உருவாகிறது. நிறம் பேசுவது பார்க்கிறவரிடம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறவரை ஆராய்ந்தார்கள்.

1976இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தை ஒன்றை இளந்தாய்மார்கள் சிலரிடம் விளையாடக் கொடுத்தார்கள். சிலரிடம் நீலக் கால்சட்டையில், ஆண் பெயரோடு. மற்றவர்களிடம் இளஞ்சிவப்புக் கவுனில், பெண் பெயரோடு. குழந்தை ஒன்றே. ‘பெண்ணுக்கு’ப் பொம்மையும் ‘பையனுக்கு’ ரயிலும் அதிகம் நீட்டப்பட்டன. பங்கேற்ற தாய்மார் பதினொருவர் மட்டுமே என்பதால் இதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது. ஆனால் இங்கிலாந்தில் 1978இல் ஸ்மித், லாயிட் என்ற இருவர் முப்பத்திரண்டு தாய்மாரிடம் இதுபோலச் செய்தபோதும், ‘பையன்’ என்று நம்பிய குழந்தையை உடலசைத்து விளையாட அதிகம் தூண்டினார்கள். அழுகையின் அர்த்தமும் மாறியது. ஒன்பது மாதக் குழந்தை திடீரென எழும்பும் பொம்மையைக் கண்டு அழும் படத்தைக் காட்டி, ஆண் என்று சொன்னபோது கோபம் என்றும், பெண் என்று சொன்னபோது பயம் என்றும் பார்த்தவர்கள் விளக்கியதைக் காண்ட்ரி தம்பதியர் 1976இல் பதிவு செய்தார்கள். கோபம் என்று நினைத்த குழந்தையைத் தேற்றுவதும் பயம் என்று நினைத்த குழந்தையைத் தேற்றுவதும் ஒரே மாதிரியா இருக்கும்?

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1975இல் வந்த ஓர் ஆய்வு. சீவி, காட்ஸ், சால்க் என்ற மூவர் செய்தது. மூன்று மாதப் பெண் குழந்தைக்கு மஞ்சள் உடை போட்டார்கள், அதாவது இன்று பொதுவான உடைக்கு எல்லாரும் தேர்ந்தெடுக்கும் அதே நிறம். ஒரு பகுதியினரிடம் ஆண் என்றும், இன்னொரு பகுதியினரிடம் பெண் என்றும் சொன்னார்கள். மூன்றாம் பகுதியினரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊகித்தார்கள். ஊகத்துக்கு உடலிலிருந்தே காரணமும் கண்டுபிடித்தார்கள்: விரலை இறுகப் பிடிக்கிறது, ஆகவே ஆண், மிருதுவாக இருக்கிறது, ஆகவே பெண். கையில் இருந்தது ஒரே குழந்தை.

பொது நிற உடையை ஆதரிப்பவர்கள் இந்த ஆய்வை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மஞ்சள் சட்டை போட்டுவிட்டால் உலகம் குழந்தையைப் பாரபட்சமில்லாமல் பார்க்கும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதரவில்லை. ஆண், பெண் என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் துணியின் வேலை முடிந்துவிடுகிறது. பெற்ற தாயும் இதற்கு விலக்கல்ல. பதினொரு மாதக் குழந்தைகள் எவ்வளவு சரிவான பலகையில் தவழ்ந்து இறங்குவார்கள் என்று தாய்மாரை முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னது 2000இல் வெளிவந்த நியூயார்க் ஆய்வு. மகள்களைத் தாய்மார் குறைத்து மதிப்பிட்டார்கள், மகன்களைக் கூட்டி மதிப்பிட்டார்கள். தவழவிட்டபோது இரு சாராரிடமும் வேறுபாடே இல்லை. அந்தத் தாய்மாருக்குத் தம் குழந்தை யாரென்று தெரிய எந்தச் சட்டையும் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே துணி செய்யக்கூடியது சிறியது. சிறியது என்பதால் வீண் என்று நான் நினைக்கவில்லை. தெருவில், பேருந்தில், திருமண மண்டபத்தில் எதிர்ப்படும் அந்நியர் குழந்தையின் பாலினத்தை அறிவது துணியைப் பார்த்துத்தான். வீட்டாருக்கும் ஒரு பயன் உண்டு: கால்பந்துக் கரடி, ‘அப்பாவின் இளவரசி’ என்றெல்லாம் அச்சிட்ட வாசகங்கள் அன்றாடம் கண்ணில் படாமல் இருக்கும். பிறக்கும் முன்பே ஒரு பிள்ளைக்கு வேடம் ஒதுக்கிவிடுகிற அவசரத்தை அது தள்ளிப் போடுகிறது. நான் பொது உடையின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பொதுவான உடை என்ற பெயரில் கடைகளில் வருவது பெரும்பாலும் பையன் உடையிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டுச் சாம்பலும் பழுப்பும் பூசியது. சுருக்கு வைத்த கை, பூப் போட்ட துணி, பாவாடை எதுவும் அதில் இடம்பெறாது. பெண்ணுக்குரியது என்று கருதப்படுவதை விலக்கினால்தான் பொதுமை என்றால், அது பாதிப் பொதுமை. 1970களின் இயக்கமும் இந்த இடத்தில்தான் தடுமாறியது: சிறுமிகளுக்குப் பையன்களின் கால்சட்டை கிடைத்தது, பையன்களுக்குப் பூப் போட்ட சட்டை கிடைக்கவில்லை. 2017இல் பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடை தன் சொந்தத் தயாரிப்புக் குழந்தை உடைகளில் ஆண், பெண் என்ற சீட்டுகளை நீக்கியது. எந்த நிறத்தையும் வடிவத்தையும் ஒதுக்காமல் சீட்டை மட்டும் ஒதுக்கிய அந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. பூவும் இருக்கட்டும், ரயிலும் இருக்கட்டும், ஒரே அலமாரியில்.

இந்தியாவில் இந்தக் கேள்வி முற்றிலும் வேறு நிலத்தில் நிற்கிறது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ தாய்க்கோ உறவினருக்கோ தெரிவிப்பது இங்கே குற்றம். 1994இல் இயற்றிய சட்டம், 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2003இல் மேலும் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் அதைச் சொல்லும் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அதன் பின்னால் இருப்பது கொடிய வரலாறு. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்தார்கள்; 2001இல் 927. தமிழ்நாட்டில் பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. நிறம் பிரிக்க உதவும் அதே தகவல் மேல்நாட்டில் பெற்றோரைக் கடைக்கு அனுப்பியது. இங்கே பல பெண் கருக்களை அழிக்க உதவியது. ஆகவே மதுரையிலும் கோவையிலும் பிள்ளைக்கு முன்கூட்டித் துணி வாங்கும் ஒவ்வொரு தம்பதியும் அந்தச் சட்டத்தின் விளைவாகப் பொதுவான உடைதான் வாங்கியாக வேண்டும். டொராண்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்த் தம்பதிகளுக்கு இருபதாவது வாரத்தில், இரத்தப் பரிசோதனை செய்தால் பத்தாவது வாரத்திலேயே, பதில் கிடைத்துவிடுகிறது. அவர்களுக்குத்தான் இது தேர்வு.

நம் வீடுகளில் இதற்கு முந்திய பழக்கம் ஒன்று உண்டு: பிறக்கும் முன் புதுத்துணியே வாங்காதது. கண்ணேறு பயமும், பேறுகாலத்தில் பிள்ளைகளை அதிகம் இழந்த காலத்தின் தயக்கமும் அதில் இருக்கின்றன. கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களிலும் இதே தயக்கம் உண்டு. நம் வீடுகளில் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைப்பார்கள். பிறந்த குழந்தையை அதில்தான் வாங்குவார்கள். மாமன் மகன் போட்ட ஜபலாவோ சித்தி மகள் போட்ட ஜபலாவோ மறுநாள் வரும். பாட்டியின் நூல் சேலையில் தூளி. பலமுறை துவைத்து மிருதுவான பருத்தி, தோலை உறுத்தாது. நாள் கணக்குப் பார்த்துப் பெயர் வைக்கும்போதுதான் புதுச்சட்டை. அந்தத் தயக்கத்தின் காரணத்தை இன்று ஏற்காதவர்களும் அதன் விளைவான துணியை ஏற்கலாம்.

முன்கூட்டியே வாங்கத்தான் வேண்டும் என்றால், யோசிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. தலைவழியே மாட்டாமல் முன்பக்கம் திறந்து பக்கவாட்டில் முடிகிற சட்டை. கழுத்தருகே இழுக்கும் கயிறு கூடாது. பிய்ந்து வாயில் போகும் பொத்தானும் மணியும் கூடாது. தொப்புள்கொடி விழும்வரை அந்த இடத்தை அழுத்தாத இடுப்பு. புதுத்துணியை ஒருமுறை அலசிய பிறகே போட வேண்டும். மிகச் சிறிய அளவில் நான்கைந்து, அடுத்த அளவில் கொஞ்சம் கூடுதலாக. தொப்புளில் கசியும் சிறு இரத்தக் கறையும் வெளிர் துணியில் உடனே தெரியும்; பழைய காலத்து வெள்ளைக்கு அதுவும் ஒரு நியாயம். பரிசு கொண்டுவரப் போகும் அத்தை, மாமாக்களிடம் அடுத்த பிள்ளைக்கும் ஆகிற மாதிரி வாங்கி வாருங்கள் என்று சொன்னால் யாருக்கும் புரியும், கொள்கை விளக்கம் தேவையில்லை.

இந்தத் தேர்வுக்கு ஒரு கால எல்லையும் உண்டு. ஏழு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளை ஆராய்ந்த லோபியூ, டிலோச் இருவரும் 2011இல் வெளியிட்டதன்படி, பெண் குழந்தைகள் இரண்டு வயது வாக்கில் இளஞ்சிவப்பை நாடத் தொடங்குகிறார்கள். பையன்கள் மேலும் மேலும் அதைத் தவிர்க்கிறார்கள். பெரு நாட்டின் அமேசான் காட்டுச் சிற்றூர்களிலும், வனுவாட்டுத் தீவிலும், காங்கோவின் வேட்டைச் சமூகத்திலும் 2021இல் வெளியான ஆய்வில் சிறுமிகளிடம் அந்த நாட்டம் காணப்படவில்லை. கற்றுக்கொள்வதுதான், ஆனால் கற்றுக்கொண்ட பிறகு அது குழந்தையின் சொந்த விருப்பம். மூன்று வயது மகள் இளஞ்சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சாம்பல் நிறச் சட்டையைத் திணிப்பதற்குப் பெற்றோருக்கு உரிமையில்லை. மகன் அதே சட்டையைக் கேட்டாலும் வாங்கித் தர வேண்டும். பள்ளியில் யாராவது சிரித்தால் அவனுக்காகப் போய்ப் பேசவும் வேண்டும். பிறக்கும் முன் மஞ்சள் சட்டை வாங்குவதைவிடக் கடினமான வேலை அதுதான்.